சனிக்கிழமை வரிசை

மணப்பாட்டுக்கு வடக்கே மணலும் உடைமரமும் பனையுமாகக் கிடக்கும் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அதனால் சனிக்கிழமை மத்தியானத்துக்கெல்லாம் வள்ளங்கள் கரையேறிவிடும். வலையை உதறிக் காயப்போட்டு, கிணற்றடியில் உப்புப் போகத் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆண்கள் கோயிலுக்குக் கிளம்பும்போது மணி ஐந்தாகியிருக்கும். அன்று சாயங்காலம் பூசை கிடையாது. பாவசங்கீர்த்தனத்துக்குத்தான் அந்தக் கூட்டம்.

சென்னைக்கு வந்து 38 வருஷம் ஆகிறது. ஊரில் எதை நினைத்து ஏங்குகிறாய், கடலையா கருவாட்டையா என்று நண்பர்கள் கேட்பார்கள். கடல் இங்கேயும் இருக்கிறது. கருவாடு சிந்தாதிரிப்பேட்டையில் கிடைக்கிறது. அந்தச் சனிக்கிழமை வரிசைதான் எங்கேயும் கிடைக்கவில்லை.

கோயிலின் இடது ஓரத்தில் தேக்குப் பலகையால் செய்த ஒரு கூடு இருந்தது. நாங்கள் அதைத் தொட்டி என்போம். நடுவில் சாமியார் உட்கார ஓர் ஆசனம், இரண்டு பக்கமும் துளை போட்ட தகரத் தட்டி. பெண்கள் தட்டிக்கு அந்தப் பக்கம் முழங்காலில் நிற்பார்கள். ஆண்களும் பையன்களும் முன்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு நேரே சாமியாரின் காலடியில். முழங்கால் படும் பலகையில் இரண்டு குழி விழுந்திருக்கும், கிண்ணம் மாதிரி. பெரியவர்களின் முழங்கால் தேய்த்துத் தேய்த்து விழுந்த குழி. என்னுடையது சின்ன முழங்கால், உள்ளே போய் ஆடும். மூக்குப்பொடி வாசம், வேர்வை வாசம், பழைய மரத்தின் வாசம். சாமியார் முகத்துக்குக் குறுக்கே கைக்குட்டையைப் பிடித்திருப்பார். அவர் கழுத்தில் கிடக்கும் ஊதா நிற ஸ்தோலாவின் நுனி என் நெற்றியில் உரசும். "சொல்லு ராசா" என்பார்.

பாவத்தை எண்ணிக்கையோடு சொல்லவேண்டும் என்று எங்களுக்குப் பாடம். நான் எப்போதும் ஏழு என்பேன், நாளுக்கு ஒன்று வீதம். "பொய் சொன்னேன் சாமி, ஏழு தடவை." ஒருமுறை சாமியார் கைக்குட்டையைக் கீழே இறக்கினார். "ஞாயித்துக்கிழமையுமா சொன்னே?" நான் யோசித்து, "ஆமா சாமி" என்றேன். அது எட்டாவது பொய்.

வரிசையில் நிற்பதற்கு முன்னால் ஊரில் சில காரியங்கள் நடக்கும். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாரும் மதினியும் கிணற்றடியில் நின்று ஒரு வார்த்தையாவது பேசிவிடுவார்கள். "என்னத்தக் குழம்பு?" என்பதோடு சரி. அதற்கு மேல் வேண்டியதில்லை, இருவருக்கும் அர்த்தம் தெரியும். திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லாதவனுக்குப் பாவப்பொறுத்தல் கிடையாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊர்க் களவெல்லாம் பெரும்பாலும் ஈயக்குண்டு, மிதப்புக் கட்டை, கொஞ்சம் கயிறு, இவ்வளவுதான். சனிக்கிழமை ராத்திரி திண்ணையில் நாலு ஈயக்குண்டு கிடந்தால், யார் கொண்டுவந்து வைத்தது என்று எந்த வீட்டிலும் விசாரிக்கமாட்டார்கள். எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். விசாரிக்காமல் இருந்த அந்த நாகரிகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்களுக்கு முதல் நற்கருணைக்கான புதுநன்மைப் பாடம் சொன்னவர் கோயில் உபதேசியார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டிச் சொல்லித்தருவார்: ஆத்துமசோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவத்தைச் சொல்வது, அபராதம் தீர்ப்பது. பெருவிரலில் தொடங்கி மடக்கிக்கொண்டே வருவார். மனஸ்தாபம் வரும்போது மட்டும் நிறுத்திக்கொள்வார். அதில் இரண்டு வகை உண்டு, உத்தம மனஸ்தாபம், அற்ப மனஸ்தாபம். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல அவர் ஒரு கதை வைத்திருந்தார்.

பட்டத்துக்கு நூல் வேண்டி ஒரு பையன் அப்பனுடைய வலையை அறுத்துவிட்டான். அப்பன் வாரைக் கையில் எடுத்ததும் அழுகிறான். அது அற்ப மனஸ்தாபம். இன்னொரு பையனும் அதேபோல் அறுத்தான். நடுராத்திரியில் முழித்துப் பார்த்தால், அப்பன் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைப் பார்த்துவிட்டு இவன் போர்வைக்குள் அழுகிறான். அது உத்தம மனஸ்தாபம்.

முதல் அழுகையும் நல்ல அழுகைதான் என்பார் உபதேசியார். நரகத்துக்குப் பயந்து வந்தாலும், தொட்டிக்குள் மண்டிபோட்டுச் சொன்னால் அது போதும், கடவுள் தள்ளமாட்டார். இரண்டாவது அழுகை தேவசிநேகத்தால் வருவது. அது வந்த கணத்திலேயே சாவான பாவமும் பொறுக்கப்படும், ஆனால் சமயம் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதி அந்த அழுகைக்குள்ளேயே இருக்கவேண்டும். 1551-இல் திருச்சபையின் திரிதெந்தின் சங்கம் வகுத்துச் சொன்னது இதைத்தான் என்று நான் பின்னால் படித்தேன். அன்றைக்கு எனக்கு அது அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஒரு மனிதன் வலை பின்னும் கதை. இன்றைக்கும் எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

எங்களில் வாயாடி ஒருத்தன் கேட்டான்: "அப்போ அப்பிடி அழுதுட்டு, தொட்டிக்குப் போவாம, நேரா நன்மை வாங்கலாமா?" உபதேசியார் விரல்களை மடக்கியபடியே அவனைப் பார்த்தார். "நீ அழுதது எந்த அழுகைன்னு ஒனக்குத் தெரியுமாலே?"

இந்த இடத்தில் கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மற்ற எல்லாருக்கும் மனஸ்தாபம் என்றால் மாமனுக்கும் மச்சானுக்கும் நடுவே வருவது. சங்கீர்த்தனம் என்றால் மார்கழி மாதத்தில் தாளம் தட்டிப் பாடுவது. இந்த இரண்டையும் எடுத்துப் பாவத்தோடு சேர்த்துக் கட்டினார்கள் எங்கள் முன்னோர். கல்லூரியில் என்னோடு தங்கியிருந்த நண்பன், "உங்க ஆளுங்க பாவத்தைப் பாட்டாவா படிப்பீங்க?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். ஆனால் சங்கீர்த்தனம் என்ற சொல்லுக்கு வாய்விட்டு எடுத்துரைப்பது என்ற பொருள் உண்டு. மனதுக்குள் வைத்துப் புழுங்கியதை வாய்திறந்து சொல்வதற்கு இது பொருத்தமான பெயர்தான்.

சொல் பிறகு வந்தது; வழக்கம் அதைவிடப் பழையது. முத்துக்குளித்துறைக்கு வந்த யேசுசபைக் குரு அன்றீக் அடிகளார் தமிழ் படித்து, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். இரண்டே வருஷத்தில், 1580-இல், கொச்சியில் அவர் இன்னொரு புத்தகம் அச்சிட்டார் என்பதைப் பலரும் சொல்வதில்லை. கொம்பெசியொனாயரு. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று தமிழில் சொல்லித்தரும் கைப்புத்தகம். தமிழில் அச்சு தொடங்கிய காலத்திலேயே எங்கள் ஜனங்களின் பாவத்துக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது. துபாஷியை நடுவில் வைத்துக்கொண்டு பாவம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

பாட்டி இதையெல்லாம் படித்ததில்லை. அவளுக்குத் தெரிந்தது மந்திரங்கள். நற்கருணை என்று அவள் சொன்னதே கிடையாது, நன்மை வாங்குவது என்பாள். நன்மை வாங்கும் நாளுக்கு முந்தின நடுராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர் தொண்டையில் இறங்காது. தண்ணீர் குடித்தால் உபவாசம் முறியாது என்று 1953-இலேயே ரோமாபுரியில் சொல்லிவிட்டார்கள். 1957-இல் மூன்று மணி நேரம் போதும் என்றார்கள். 1964-இல் ஒரு மணி நேரமாக்கினார்கள். பாட்டியிடம் இந்தச் சலுகை எதுவும் போய்ச் சேரவில்லை. சேர்ந்ததோ என்னவோ, அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வேப்பங்குச்சியால் பல் விளக்கிக் கொப்பளிக்கும்போதுகூட ஒரு சொட்டு உள்ளே போய்விடுமோ என்று தலையைக் குனிந்தே வைத்திருப்பாள். நன்மை வாங்கிவிட்டு வந்தால் கால் மணி நேரம் யாரோடும் பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்து முதல் மடக்குக் காப்பி குடிக்கும்போது அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் ஒரு குழந்தையின் பொறாமையோடு பார்த்திருக்கிறேன்.

தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே கடலில் போய்விட்டார். கச்சான் காற்று சுழன்றடித்த ஒரு விடியற்காலை, வள்ளம் கவிழ்ந்து நாலு பேரில் இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். தாத்தாவின் உடம்பு கிடைக்கவில்லை. பாட்டியை வாட்டியது சாவு மட்டுமில்லை. தாத்தா பாஸ்காவுக்குப் பிறகு தொட்டிப் பக்கம் போகவேயில்லை. சாராயம் உண்டு. அண்ணன் தம்பிக்குள் கரைப்பங்கு விஷயமாக ஒரு பகையும் உண்டு. சாமியாரும் இல்லாமல், அவஸ்தைப்பூசுதலும் இல்லாமல் போன மனுஷன் எங்கே போயிருப்பான்? நாற்பது நாள் அவள் இதையே கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

அப்போது இருந்த பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு கதை சொன்னார். பிரான்சு நாட்டில் ஆர்ஸ் என்ற சின்ன ஊரில் பங்குக்குருவாக இருந்து, தினமும் மணிக்கணக்காகத் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, 1859-இல் இறந்துபோன ஜான் மரிய வியான்னியின் கதை. பாலத்திலிருந்து குதித்து இறந்துபோன ஒருவனுடைய பெண்சாதி அவரிடம் போய் நின்றாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே, பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் உன் புருஷனுக்கு மனஸ்தாபப்பட நேரம் இருந்தது என்று அவர் சொன்னதாகக் கதை. "அந்த ஆளுக்குப் பாலத்துலேருந்து தண்ணி வரைக்கும்தான் நேரம். ஒம் புருஷனுக்குக் கடலே இருந்திச்சே" என்றாராம் எங்கள் சாமியார்.

பாட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் வாழ்ந்தது அந்த ஒரு உபதேசத்தின் மேல்தான். அப்பாவும் சித்தப்பாவும் ராத்திரி கடலில் இருக்கும்போது, வாசலில் கடலைப் பார்த்து முழங்காலில் நின்று உத்தம மனஸ்தாப மந்திரத்தை உரக்கச் சொல்வாள். பேரப்பிள்ளைகள் நாங்களும் கூடச் சொல்லவேண்டும். ஒருவருடைய மனஸ்தாபத்தை இன்னொருவர் படமுடியாது என்பது அவளுக்கும் தெரியும். நான் கேட்டதற்கு, "அவனுக்காவ நான் படலைய்யா. நான் சத்தமாச் சொன்னா அங்க அவனுக்கு ஞாபகம் வரும்லா" என்றாள். எங்களையும் படுக்கப்போகுமுன் அதைச் சொல்லவைப்பாள். தூக்கமும் அவளுக்குக் கடல் மாதிரிதான், திரும்பி வருவது நிச்சயமில்லை.

சாமியார் இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்குத் திருச்சபை கொடுத்த கயிறு அந்த உத்தம மனஸ்தாபம். கடலில், போர்க்களத்தில், காட்டில், சிறையில் பிடித்துக்கொள்ள. எங்கள் ஊரில் அதன் கனம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தினமும் கடலுக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை வரிசையிலும் நின்றதன் காரணமும் அதுதான். கயிறு இருக்கிறது என்பதற்காக யாரும் படகை விட்டுக் குதிப்பதில்லையே.

நகரத்தில் நான் பார்ப்பது தலைகீழ். இங்கே ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்க எழுந்து போகும் வரிசை கோயில் வாசல் வரை நீளுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆள் இல்லை. "மனசுக்குள்ளேயே சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், போதாதா?" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். எங்கள் ஊர் வாயாடி கேட்ட அதே கேள்வி. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் 916-ஆம் விதி இதற்குப் பதில் சொல்கிறது. கனமான பாவம் இருப்பதாக மனச்சாட்சி உறுத்துகிறவர் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கக்கூடாது. தவிர்க்கமுடியாத காரணம் இருந்து, பாவசங்கீர்த்தனத்துக்கு வழியும் இல்லையென்றால், உத்தம மனஸ்தாபப்பட்டு, சீக்கிரமே போய்ச் சொல்வேன் என்ற உறுதியோடு வாங்கலாம். காரணமும் வேண்டும், வழியும் இல்லாதிருக்கவேண்டும். பத்து நிமிஷ நடையில் சாமியார் உட்கார்ந்திருக்கும்போது அந்த விதிவிலக்கு எனக்குப் பொருந்தாது. பல பேருக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் மனச்சாட்சிக்குள் எட்டிப்பார்க்க எனக்கு உரிமையில்லை.

எனக்குப் பொருந்தாது என்பது நிச்சயமாகத் தெரியும். பதினொரு வருஷமாக நான் நன்மை வாங்கவில்லை. வரிசை எழும்போது பெஞ்சில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தாண்டிப் போகிறவர்கள், போகலையா என்பதுபோல் ஒரு கணம் நின்று பார்க்கிறார்கள். சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது, அதை இங்கே எழுதப்போவதில்லை. பத்திரிகை தொட்டி ஆகாது. ஒருமுறை போகத்தான் செய்தேன். ஒரு சின்ன அறை, மின்விசிறி, எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. என்னைவிட இருபது வயது சின்னவரான சாமியார் நேரே என் கண்ணைப் பார்த்துச் சிரித்தார், நல்ல மனிதர். எனக்கு வாய் வரவில்லை. மகனுடைய படிப்பைப் பற்றி ஏதோ பேசிவிட்டு எழுந்து வந்தேன். அந்தத் துளை போட்ட தகரமும் கைக்குட்டையும் எவ்வளவு பெரிய உபகாரம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சொற்களும் மாறிவிட்டன. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனம் ஆகிவிட்டது. பூசை திருப்பலி ஆனது, சர்வேசுரன் இறைவன் ஆனார், மனஸ்தாபம் மனத்துயர். நல்ல தமிழ்தான், குறை சொல்லவில்லை. ஒப்புரவு வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக வைத்த சொல். ஆனால் எனக்குப் பாவம் செய்யத் தெரிந்தது பழைய தமிழில். வருத்தப்படவும் அந்தத் தமிழில்தான் வருகிறது.

2020-இல் கோயில்களைப் பூட்டினார்களே, அப்போது அம்மா எங்களோடு இருந்தாள், வயது 84. மார்ச் 20-ஆம் தேதி காலைப் பூசைப் பிரசங்கத்தில் போப் பிரான்சிஸ் இதைப் பற்றிப் பேசினார். பாவசங்கீர்த்தனம் செய்யக் குரு கிடைக்காவிட்டால் தகப்பனாகிய கடவுளிடம் நேரே பேசு, உண்மையைச் சொல், மனதார வருந்து, பிறகு குருவிடம் போவேன் என்று வாக்குக் கொடு என்றார். பல நாட்டுக்காரர்களுக்கு அது புதுச் செய்தியாகப் பட்டது. நான் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இதத்தான எங்க மாமியா வாசல்ல நின்னு கத்திக்கிட்டு இருந்தா" என்று சொல்லிவிட்டு, முறத்தை மடியில் வைத்தபடியே உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டாவது வரியில் எனக்கு நின்றுவிட்டது. அவள் நிற்காமல் போனாள், பழைய வார்த்தைகளோடு, மூச்சு விடும் இடம்கூட மாறாமல். மறுநாள் திரும்பச் சொல்லச்சொல்லிச் செல்போனில் பதிவு செய்துகொண்டேன். 48 நொடி. பின்னணியில் குக்கர் விசில் ஒன்று கேட்கும். அடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள், அவஸ்தைப்பூசுதல் பெற்றுத்தான்.

போன திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோயிலுக்குப் பளிங்குத் தரை போட்டிருக்கிறார்கள். தொட்டி பின்கட்டில் ஒட்டடைக் கம்போடு நிற்கிறது. உள்ளே திருவிழா சீரியல் பல்பு மூட்டை. நகர்த்திவிட்டுப் பலகையைத் தடவிப் பார்த்தேன், இரண்டு குழியும் இருக்கின்றன. இப்போது என் முழங்கால் சரியாகப் பொருந்தும். மண்டிபோடவில்லை, கோயில்பிள்ளை சாவியோடு பின்னாலேயே நின்றான்.

சென்னை திரும்பியதும் எங்கள் பங்குச் சாமியாரிடம், சனிக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். "மூணு பேர், நாலு பேர். மழை பெஞ்சா ஒருத்தருமில்ல. ஆனா நான் உட்காந்துதான் இருப்பேன், செபமாலை சொல்லிக்கிட்டு" என்றார். ஓரத்தில் பழைய தட்டி ஒன்று கிடக்கிறதாம், நேரே பார்க்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக நடுவில் வைக்கிறேன் என்றும் சொன்னார்.

எல்லாப் பங்கிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான் என்று கேள்விப்படுகிறேன். உங்களில் யாருக்காவது போகவேண்டும் என்றிருந்தால், சனிக்கிழமை ஐந்தரைக்குப் போங்கள். வரிசை இருக்காது.